கம்பெனி சட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்தவருக்கு: சைபர் தாக்குதல் வருமுன் தயாராக வேண்டிய காகிதங்கள்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஃபோன். "சார், நேத்து ராத்திரியில இருந்து சர்வர்ல ஏதோ கோளாறு. ஃபைல் எதுவும் திறக்க மாட்டேங்குது. எம்.டி. உங்க காதுலயும் போட்டு வைக்கச் சொன்னார்." இரவு ஷிஃப்டில் இருந்த ஐ.டி. பையன் அதை முதலில் பார்த்தது வெள்ளி இரவு 9.40-க்கு. சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கச் சட்டம் தரும் ஆறு மணி நேரம் விடியற்காலை 3.40-க்கே தீர்ந்துவிட்டது. அப்போது நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

கோவையில் நடுத்தர அளவுள்ள ஓர் உற்பத்தி நிறுவனத்தில் சட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு ஜூனியரும்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாலு மாதம் பட்ட பாட்டில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக வைக்கிறேன். கோர்ட்டை விட்டுக் கம்பெனி வேலைக்கு வந்து, "சைபர் எல்லாம் ஐ.டி.காரங்க வேலை" என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இது உதவும். எல்லாம் இந்தியச் சட்டத்தை ஒட்டியது.

1. உங்கள்மேல் ஓடும் கடிகாரங்களை ஒரே தாளில் எழுதுங்கள்

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. அரை நாள் போதும், செலவு எதுவும் இல்லை.

முதலாவது, செர்ட்-இன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 70பி-யின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட உத்தரவுதான் அடிப்படை. ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய சம்பவ வகைகள் அதன் இணைப்பில் பட்டியலாக இருக்கின்றன. தரவுக் கசிவு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், போலி மொபைல் செயலி, வலைத்தளத்தை உருமாற்றுவது, கம்பெனியின் சமூக ஊடகக் கணக்கைக் கைப்பற்றுவது எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பட்டியலை அச்சடித்து ஐ.டி. மேலாளரின் மேசையில் வையுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராத உச்சவரம்பு முன்பு ஒரு லட்சம். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை ஒரு கோடியாக்கிவிட்டது. பிரிவு 85-இன்படி கம்பெனியின் குற்றத்துக்கு அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவரும் பதில் சொல்ல வேண்டும். பட்ஜெட் கேட்டு எம்.டி.யிடம் போகும்போது இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்யும், சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம்மைக் கட்டும் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதன்பின் தனிநபர் தரவு மீறல் நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கையும் தர வேண்டும். போதிய பாதுகாப்பு இல்லாததற்கு 250 கோடி ரூபாய் வரையும், மீறலைத் தெரிவிக்காததற்கு 200 கோடி வரையும் தண்டம் உண்டு.

ஒரு பொறி: "எதையும் திருடலையே, பூட்டித்தானே வெச்சிருக்கான்" என்று ஐ.டி. தரப்பு சொல்லும். இந்தச் சட்டத்தின் வரையறையில் தரவை அணுக முடியாமல் போவதும் மீறல்தான். சிறிய மீறலுக்கு விலக்கு என்று எதுவும் இல்லை. ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் தனிநபர் தரவே. வாடிக்கையாளர் தரவே இல்லாத ஃபவுண்டரியும் இதில் மாட்டும்.

மூன்றாவது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் அதன் ஒழுங்குமுறை ஆணையமான செபி. காலாண்டு நிர்வாக அறிக்கையில் சைபர் சம்பவங்களைக் காட்ட வேண்டும். முக்கிய நிகழ்வு என்ற அளவுக்குப் போனால் 12 அல்லது 24 மணி நேரத்துக்குள் பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எது பொருந்தும் என்பதைக் கம்பெனி செக்ரட்டரியோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். சம்பவம் வெளியே தெரியும்வரை அதை அறிந்தவர்கள் பங்கு வாங்கி விற்கக் கூடாது என்பதும் அவர் பார்க்க வேண்டிய விஷயம்.

வங்கி என்றால் ரிசர்வ் வங்கிக்கு 2 முதல் 6 மணி நேரத்துக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பங்குத் தரகர்களுக்கும் அவரவர் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் தனி.

நான்காவதை யாரும் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர்களோடு நீங்களே கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள். எங்களுடைய ஒரு ஜெர்மன் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில், 42-ஆம் பக்கத்தில், 24 மணி நேரத்தில் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டப்படி அவர்கள் தங்கள் ஆணையத்துக்கு 72 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், அதனால் நம் கழுத்தில் 24-ஐக் கட்டுகிறார்கள். பெரிய வாடிக்கையாளர்கள் பத்துப் பேரின் ஒப்பந்தங்களையாவது எடுத்து அந்த ஒரு ஷரத்தை மட்டும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் நான் கவிழ்ந்தேன். சம்பவத்தைக் கவனித்த நேரம், அல்லது நம் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட நேரம் என்கிறது செர்ட்-இன் உத்தரவு. அந்த "நம்" என்பதில் இரவு ஷிஃப்ட் பையனும் அடக்கம். உங்களுக்கு ஃபோன் வந்த நேரத்துக்கு மதிப்பே இல்லை.

2. செர்ட்-இன் தொடர்பாளரும் லாகும்

அதே 2022 உத்தரவு, செர்ட்-இன்னோடு பேச ஒரு தொடர்பாளரை நியமித்து அதற்கான படிவத்தில் விவரம் அனுப்பச் சொல்கிறது. கட்டணம் இல்லை. எங்கள் கம்பெனியில் இதை அனுப்பியிருந்தார்கள்தான், ஆனால் அதில் இருந்த மேலாளர் இரண்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். முதலில் அதைச் சரிபாருங்கள்.

அப்புறம் லாக், அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி தானாக எழுதிவைக்கும் பதிவு. எல்லா கணினி அமைப்புகளின் பதிவுகளையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தரவு விதிகள் வந்தபின், மீறலைக் கண்டுபிடிக்கத் தேவையான பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு தடவை செலவழிக்காமல் இப்போதே ஓராண்டுக்குத் திட்டமிடுங்கள். "லாக் இருக்கா?" என்று ஐ.டி.யிடம் கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியைச் சொல்லி அந்த நாள் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஃபயர்வாலில் இடம் போதாமல் 30 நாளுக்கு ஒருமுறை பழையது தானாக அழிந்துகொண்டிருந்தது. திருடன் எப்போது உள்ளே வந்தான் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

சர்வர்களின் நேரமும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். அற்பமாகத் தெரியும். இரண்டு கணினிகளின் கடிகாரம் ஏழு நிமிடம் வேறுபட்டால், எது முதலில் நடந்தது என்று நிரூபிக்க முயலும்போதுதான் வலி தெரியும்.

3. வெளி வக்கீல் ஒருவரை அமர்த்துங்கள், ஏனென்றால் உங்கள் மெயிலுக்குப் பாதுகாப்பு இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடச் சொல்ல முடியாது என்ற பாதுகாப்பு இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132-இல் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கம்பெனி சட்ட அதிகாரிக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பார் கவுன்சில் விதிப்படி முழுநேரச் சம்பளக்காரர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது, ஆகவே அவர் அந்தப் பிரிவு சொல்லும் "வக்கீல்" இல்லை என்பது அடிப்படை. கம்பெனி தன் சட்ட ஆலோசகருடன் பேசுவதற்கு பிரிவு 134-இல் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் எம்.டி.க்கும் உங்களுக்கும் இடையே நடந்த பேச்சுக்கு அதைக் கோர முடியாது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? "நாம பேட்ச் போடாம விட்டதுதான் காரணம்னு நினைக்கிறேன்" என்று ஐ.டி. மேலாளர் உங்களுக்கு மெயில் போட்டால், நாளை அது அப்படியே எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். எனவே வெளி வக்கீலை நியமியுங்கள். கணினித் தடயங்களை ஆராயும் ஃபாரன்சிக் நிறுவனத்தை அவர் தன் பெயரில், சட்ட ஆலோசனை தருவதற்காக என்று எழுதி அமர்த்தட்டும். அறிக்கை அவருக்கே போகட்டும். இப்படிச் செய்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். லாகும் நடந்த உண்மைகளும் எப்படியும் தர வேண்டியவைதான். கருத்தும் ஊகமும்தான் காப்பாற்றப்பட வேண்டியவை.

செலவைப் பற்றி. சனிக்கிழமை மதியம் பதற்றத்தில் ஃபாரன்சிக் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தபோது சொன்ன தொகைக்கும், அதே நிறுவனம் மூன்று மாதம் கழித்து ஆண்டு ஒப்பந்தத்துக்குச் சொன்ன தொகைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். மணிக்கணக்கு கட்டணம், இரவு மற்றும் விடுமுறை நாள் கட்டணம், எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்து சேருவார் என்ற மூன்றையும் அமைதியான நாளில் எழுதி வாங்குங்கள். செர்ட்-இன் பட்டியலிட்ட தணிக்கையாளரா என்றும் பாருங்கள்.

4. வென்டர் ஒப்பந்தங்கள்

சம்பளக் கணக்கு, வருகைப் பதிவு, கிளவுட், கூரியர் என்று நம் தரவைத் தொடும் எல்லோரையும் பட்டியலிடுங்கள். எங்களிடம் 31 பேர் வந்தார்கள். நான் பன்னிரண்டு என்று நினைத்திருந்தேன்.

தனிநபர் தரவுச் சட்டப்படி வென்டர் செய்த தவறுக்கும் வாரியத்தின் முன் நிற்கப்போவது நீங்கள்தான், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. செர்ட்-இன்னும் தன் கேள்வி-பதில் ஆவணத்தில், தெரிவிக்கும் கடமையை ஒப்பந்தத்தின் மூலம் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது என்றே சொல்கிறது. எனவே ஒப்பந்தத்தில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு:

- தெரிந்ததும் உடனே, அதிகபட்சம் நான்கு மணி நேரத்தில், குறிப்பிட்ட ஃபோன் எண்ணுக்கும் மெயிலுக்கும் சொல்ல வேண்டும். "நியாயமான காலத்துக்குள்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். முன்பு ஒரு வென்டர் எங்களுக்கு ஒன்பது நாள் கழித்துச் சொன்னது அந்தச் சொல்லை வைத்துத்தான்.
- லாகைப் பாதுகாத்து நம்மிடம் தர வேண்டும், நம் தணிக்கையாளரை அனுமதிக்க வேண்டும்.
- இழப்பீட்டு உச்சவரம்பிலிருந்து தரவு மீறலை விலக்க வேண்டும், அல்லது அதற்கெனத் தனியாக உயர்ந்த வரம்பு வேண்டும். "கடந்த 12 மாதக் கட்டணம்" என்ற வழக்கமான வரம்பு இதற்கு ஒன்றுமே காணாது.
- வேலை முடிந்ததும் தரவை அழித்ததற்குச் சான்று.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் உங்களுக்காக ஒரு கமாவைக்கூட மாற்றாது. அங்கே சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களுடைய தரவு ஒப்பந்தத்தைத் தரவிறக்கி, தேதி போட்டு, கோப்பில் வையுங்கள். உள்ளூர் மென்பொருள்காரரிடம்தான் பேச்சு எடுபடும். 31 பேரையும் முடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. தரவு அதிகம் வைத்திருப்பவரிலிருந்து ஆரம்பியுங்கள்.

5. சைபர் இன்சூரன்ஸ் இருந்தால் படியுங்கள்

பாலிசியில் மூன்று இடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: எத்தனை நேரத்தில் தெரிவிக்க வேண்டும், முன்அனுமதி இல்லாமல் செலவு செய்யலாமா, அவர்கள் பட்டியலில் உள்ள வக்கீலையும் ஃபாரன்சிக் நிறுவனத்தையும் மட்டும்தான் அமர்த்த வேண்டுமா. எங்கள் கோரிக்கையில் ஒரு பகுதி போனது இரண்டாவதால். அதோடு, பாலிசி எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பத்தையும் தேடி எடுங்கள். எல்லாக் கணக்குகளிலும் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது என்று யாராவது டிக் அடித்திருந்தால், உண்மையில் அது இருக்க வேண்டும்.

6. சம்பவம் நடந்த இரவு

சரி, நடந்தே விட்டது. வரிசை இதுதான்.

எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். எங்கள் ஐ.டி. பையன் நல்ல எண்ணத்தோடு, திங்கள்கிழமைக்குள் உற்பத்தி தொடங்க வேண்டுமே என்று, முதலில் பாதிக்கப்பட்ட கணினியைத் துடைத்துப் புதிதாக ஏற்றிவிட்டான். தடயம் போயிற்று. நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கலாம், ஃபாரன்சிக் ஆள் சொல்லும்வரை அணைக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். டிஸ்க் நகல் எடுத்து அதன் ஹேஷ் மதிப்பைக் (நகல் பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறித்து வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதில் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த ஆட்களைத் தேடுவதைவிட அன்றே வாங்கிவிடுவது நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுங்கள். யார் எப்போது பார்த்தார், யாரிடம் சொன்னார். நடந்ததை மட்டும், காரணம் எழுத வேண்டாம். வாட்ஸ்ஆப் குழுவில் "எல்லாம் போச்சு", "ஹேக் பண்ணிட்டாங்க" என்று ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு வரி போடுங்கள்: "இது பற்றி ஃபோனில் மட்டும் பேசவும்." ஏற்கெனவே போட்டதை அழிக்கச் சொல்லாதீர்கள், அது இன்னும் பெரிய வம்பு.

செர்ட்-இன்னுக்கு முழு விவரம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் கையில் இருப்பதைச் சொன்னால் போதும், மீதியைப் பின்னர் தரலாம் என்று அவர்களுடைய கேள்வி-பதில் ஆவணமே சொல்கிறது. மெயில் அனுப்பலாம், 1800-11-4949 என்ற இலவச எண்ணும் உண்டு. படிவத்தில் கம்பெனி பெயர், முகவரி, தொடர்பாளர், சர்வர் விவரங்கள் ஆகியவற்றை இன்றே நிரப்பிச் சேமித்து வைத்தால், அன்றைக்கு நாலு கட்டம்தான் மிச்சம் இருக்கும். மெயில் சர்வரும் பூட்டப்பட்டிருக்கலாம், வெளியே ஒரு மாற்று மெயில் கணக்கு தயாராக இருக்கட்டும்.

தாமதமாகிவிட்டால்? எங்களைப் போல உண்மையைச் சொல்லுங்கள். "கவனித்தது இரவு 9.40, சட்டப் பிரிவுக்குத் தெரிந்தது காலை 11, அறிவிப்பது 12.15" என்று எழுதினோம். நேரத்தைத் திருத்தி எழுத ஒருவர் யோசனை சொன்னார். லாக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை விடுங்கள், அதில் கையெழுத்து உங்களுடையது.

7. போலீஸ் புகார்

பணம் கணக்கிலிருந்து போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், பணம் நகரும் முன் நிறுத்திவைக்க அதுதான் வழி. மற்றவற்றுக்கு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணோடு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையக் கூடாது.

கொண்டு போக வேண்டியவை: புகார் கொடுக்க உங்களை அதிகாரப்படுத்தும் போர்டு தீர்மானம், கம்பெனிப் பதிவுச் சான்று, அடையாள அட்டை, நேரவரிசைக் குறிப்பு, ஹேஷ் மதிப்போடு தடய நகல், பிரிவு 63 சான்றிதழ். தீர்மானம் இல்லாமல் போய் ஒருமுறை திரும்பி வந்தேன். போர்டு கூடும்வரை காத்திருக்காமல் இருக்க, வருட ஆரம்பத்திலேயே பொதுவான ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கோரிக்கைக்கும் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்பார்கள்.

8. பணம் கேட்டு மிரட்டினால்

பிணைத்தொகை கொடுப்பதை மட்டும் நேரடியாகத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் கொடுக்கலாம் என்று பொருளில்லை. கிரிப்டோவில் வெளிநாட்டுக்குப் போகும் பணம் அந்நியச் செலாவணிச் சட்டத்தைத் தொடும். பெறுபவர் பயங்கரவாதக் குழுவோடு தொடர்புள்ளவர் என்றால் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான யு.ஏ.பி.ஏ. வரும். அமெரிக்கத் தாய் நிறுவனமோ கிளையோ இருந்தால் அந்நாட்டுத் தடைப்பட்டியலும் குறுக்கே நிற்கும். இன்சூரன்ஸ்காரர் சம்மதமும் வேண்டும். முடிவு போர்டுடையது, உங்களுடையது அல்ல. அதைக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை. வீரமெல்லாம் இல்லை, பதினெட்டு நாள் பழைய பேக்கப் ஒன்று நெட்வொர்க்கில் சேராத அலமாரி டிஸ்க்கில் கிடந்தது.

9. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்வது

என்ன நடந்தது, எப்போது, அவருக்கு என்ன பாதிப்பு வரலாம், நாம் என்ன செய்கிறோம், அவர் என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேசலாம். தனிநபர் தரவு விதிகள் கேட்பதும் இவைதான். எங்கள் ஊழியர் பலர் ஆங்கிலக் கடிதத்தைப் படிக்க மாட்டார்கள். தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும், எளிமையாக ஒரு பக்கத்தில் கொடுத்தோம். "உங்கள் வங்கிக் கணக்கு எண் வெளியே போயிருக்கலாம், யாராவது ஓ.டி.பி. கேட்டால் தராதீர்கள்" என்பது முதல் வரியாக இருக்கட்டும். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்று ஆரம்பித்த வரைவை நானே கிழித்துப் போட்டேன்.

மாதிரிக் கடிதத்தை இப்போதே எழுதி மொழிபெயர்த்து வையுங்கள். அதோடு ஊழியர்களின் ஃபோன் எண் பட்டியலும் வேண்டும்; அது பூட்டப்பட்ட அதே சர்வரில்தான் பல இடங்களில் இருக்கிறது.

10. காகிதக் கோப்பு

கடிகாரத் தாள், பாதி நிரப்பிய செர்ட்-இன் படிவம், வக்கீல் மற்றும் ஃபாரன்சிக் ஒப்பந்தம், பாலிசி, போர்டு தீர்மானம், பிரிவு 63 சான்றிதழ் மாதிரி, கடித மாதிரிகள், ஃபோன் பட்டியல். அச்சடித்து மூன்று பிரதி: உங்கள் வீட்டில் ஒன்று, ஐ.டி. மேலாளரிடம் ஒன்று, செக்யூரிட்டி அறையில் உறையிட்டு ஒன்று. வென்டர் ஒப்பந்தங்கள் நீங்கலாக இவ்வளவையும் சேர்க்க இரண்டு பேருக்கு ஆறு வாரம் பிடிக்கும்.

ஃபோன் பட்டியலில் முதல் பெயர் ஐ.டி. மேலாளர், இரண்டாவது நீங்கள். இரவு ஷிஃப்டில் இருப்பவர் சந்தேகம் வந்த மாத்திரத்தில், உறுதிசெய்யக் காத்திராமல், இரண்டு பேரையும் எழுப்ப வேண்டும். பொய் அலாரமானாலும் யாரும் திட்ட மாட்டார்கள் என்று எம்.டி. கையெழுத்தோடு அதே தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் இரவில் ஒரு ஒத்திகை வையுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் செய்தி என்னிடம் வர இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று, பட்டியலில் இருந்த இருவரின் எண்ணும் மாறியிருந்தது. போன மாதம் நடந்ததில் பதினொரு நிமிடம்.